பஞ்சு என்ன சொல்லுது?

ஓப்பநாயக்கக் கடைவீதியில் நான் வேலைக்கு நின்ற துணிக்கடைக்கு மூன்று மணி பஸ்ஸில் ஆங்கிலப் பத்திரிகை வரும். முதலாளி அதைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டுவார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், சிங்களம் தண்ணீராகப் பேசுவார், ஆங்கிலம் மட்டும் எட்டவில்லை. நான் வர்த்தகப் பக்கத்தைத் திருப்பியதும் கேட்பார்:

"பஞ்சு என்ன சொல்லுது, புள்ள?"

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அம்மா காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்து மாலை வரை கொழுந்து பறிப்பவர். அவர்களுடைய மகளிடம் ஒரு கடை முதலாளி, பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்து, உலகத்துச் செய்தி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் தினமும் மலையிலிருந்து நடந்து இறங்கினேன்.

அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டதற்கு அடுத்த வருஷம் அது. அதற்கு முன் துணிக்குக் கூப்பன் இருந்தது. கிடைத்ததை வாங்கினோம், வாங்கியதைக் கிழியும் வரை உடுத்தினோம். அப்போது விலையை யோசிக்க முதலாளிக்கு அவசியம் இருக்கவில்லை. திறந்த பிறகு கொழும்புப் புறக்கோட்டையில் துணி மலைபோலக் குவிந்தது. இன்று வாங்கிய பூப்போட்ட சீத்தைத் துணி அடுத்த வாரம் விலை இறங்கினால் நஷ்டம், ஏறினால் லாபம். ஆகவே பஞ்சு விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று நான் பத்திரிகையில் தேட வேண்டியதாயிற்று.

தேடத் தேட வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் மழை தவறினால் விலை ஏறும். இந்தியாவில் விளைச்சல் கொழித்தால் இறங்கும்; அந்த அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தினால் மறுபடி ஏறும். நியூயோர்க்கில் இருப்பவர்கள் இன்னும் பூக்காத பஞ்சை வாங்கி, பூக்கும் முன்னே விற்றுவிடுவார்களாம். பஞ்சுச் செடியைக் கண்ணால் கண்டிராதவர்கள் அவர்கள். எங்கள் தேயிலையும் அப்படித்தானே என்று தோன்றியது. அம்மாவின் கூடையில் விழுந்த கொழுந்துக்குக் கொழும்பில் விலை கூவுகிறவர்கள் எங்கள் மலையில் ஏறியதில்லை.

இதையெல்லாம் முதலாளிக்கு நான் சொல்லி விளங்கவைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருடைய மகள் கொழும்பில் படிப்பை முடித்துக்கொண்டு வந்தாள்.

என் வயதுதான். என்னைப் போல வர்த்தகம் படித்தவள்தான். ஆனால் விடுதியில் தங்கி, மின்விளக்கில் படித்தவள். வாயல் சேலை கட்டியிருந்தாள். சன்னமான பருத்தி, காற்றடித்தால் நீர் அலைவது போல அலையும். என்னிடம் இருந்தது ஒரு நைலக்ஸ் சேலை. வியர்த்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே அவள் பெஞ்சில் என் இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையை எடுத்தாள். ஆங்கிலம் அவள் வாயில் இடறாமல் வந்தது. முதலாளி கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பது போலக் கேட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தேன்.

தீபாவளிக்கு மொத்தமாகச் சரக்கு எடுக்கும் பருவம் நெருங்கியது. கடைக்கு அந்த வருஷம் முழுவதும் அதுதான் உயிர். கொள்முதலைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு ஆள் இனி வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் நான் என்று நினைத்திருந்தேன். இப்போது பெஞ்சில் வேறொருத்தி இருந்தாள்.

"நியூயோர்க்ல இறங்குதுப்பா. கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்" என்றாள் ஒரு நாள்.

அவள் சொன்னது சரி. அவள் சொல்லாவிட்டால் அதையே நான் சொல்லியிருப்பேன். அவள் சொல்லிவிட்டதால் என்னால் சொல்ல முடியவில்லை.

"இல்லைங்க மொதலாளி, இப்பவே வாங்கிடணும்" என்று என் வாய் சொல்லியது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் சொல்லியாக வேண்டும். பக்கத்தை மளமளவென்று கண்ணால் மேய்ந்தேன். எண்ணெய் விலை ஏறுவதாக ஒரு மூலையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். நைலோனும் டெட்ரோனும் எண்ணெயிலிருந்துதான் வருகின்றன, எண்ணெய் ஏறினால் அவை ஏறும், ஆலைக்காரர்கள் பஞ்சுக்குத் திரும்புவார்கள், அப்போது பஞ்சும் ஏறும் என்றேன். கப்பலும் எண்ணெயில்தான் ஓடுகிறது. போதாததற்கு நாம் டொலரில் வாங்குகிறோம், நம் ரூபாயோ மெலிந்துகொண்டே போகிறது. அங்கே ஒரு படி இறங்குவது இங்கே வந்து சேருமுன் இரண்டு படி ஏறிவிடும். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை என்று பட்டது. பொறாமையில் தொடங்கிய பேச்சு, முடியும்போது கணக்காக நின்றது.

முதலாளி யோசித்துவிட்டு, அந்த வாரமே கொழும்புக்குப் போவதாகச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் கூடப் போனவள் அவள். என்னைப் போல வயசுப் பிள்ளையைக் கூட்டிப்போனால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று முதலாளி தயங்கினார். மகளும் கூட வருகிறாளே, துணைக்கு நானும் வரலாமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, கேட்க மானம் விடவில்லை.

அவர்கள் சரக்கோடு திரும்பிய சில நாட்களில் புறக்கோட்டையில் விலை ஏறியது. எதிர்க்கடைக்காரர் வந்து புலம்பிவிட்டுப் போனார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கண் அவள் கொண்டுவந்த கட்டுகளின் மேல் இருந்தது. அழகாக இருந்தன. பூ, கொடி, புள்ளி, கட்டம், ஒன்றைப் போல ஒன்று இல்லை. எல்லாம் சிறுசிறு கட்டுகள். இவை தோட்டத்து ஆட்களிடம் விலைபோகாது என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் கடை நிறைந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே துணிக்கட்டில் வெட்டுவார்கள். பெண்ணுக்குக் கவுன், பையனுக்குச் சட்டை, மிஞ்சியதில் கைக்குழந்தைக்கு ஒரு ஜட்டி. எதிர்மலையிலிருந்து பார்த்தாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். மலிவுக்காக மட்டும் அல்ல. ஒன்றைப் பார்த்து ஒன்று ஏங்கக் கூடாது என்பதற்காக. அந்த வழக்கத்திலேயே வளர்ந்த நான்தான் மடித்த துணியைத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் துணியை எடுத்து முகர்ந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, கீழே வைத்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு புள்ளைக்குத்தானே வரும். மத்ததுங்க அழுவுமே."

ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. மகள் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினாள், பிறகு இன்னொன்றை. அவளுக்கு எதுவும் புரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. கொஞ்ச நேரம் அந்த இனிப்போடு நின்றேன்.

அப்போது அம்மா வந்தார். தம்பி தங்கைகள் நான்கு பேருக்கும் துணி வேண்டும். அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, நீ நிக்கிற கடையில எனக்கு ஒரு துணி இல்லயா?"

குரலில் கேலி இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்கு வந்த தோல்வி என்னைத் தாண்டி அவள் மேல் மட்டும் போய் விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்தச் சரக்கு விற்காமல் கிடந்தால் முதலில் வேலை போவது எனக்குத்தான்.

நீலப் புள்ளிக் கட்டையும் சிவப்புப் பூக் கட்டையும் இழுத்து அம்மா முன்னால் விரித்தேன். மூத்தவளுக்கு நீலத்தில் கவுன், கழுத்துப் பட்டியும் கையும் சிவப்பு. அடுத்தவனுக்குச் சிவப்பில் சட்டை, பையும் கொலரும் நீலம். மற்ற இருவருக்கும் அப்படியே மாற்றி மாற்றி.

"எல்லாருக்கும் ரெண்டு துணியும் இருக்கும்மா. யாரு யாரப் பாத்து அழுவுறது?"

அம்மா விரலால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "வெட்டு" என்றார்.

அம்மாவுக்குப் பின்னால் இருந்தவரும் அதையே கேட்டார். எதிர்க்கடைக்குப் போனவர்கள் சிலர் திரும்பினார்கள். வாசலில் மெஷின் போட்டிருந்த சிங்களத் தையற்காரர், கொலருக்கு ஒரு துணி, கைக்கு ஒரு துணி என்றால் தன் வேலை இரட்டிப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். பொழுது சாயும்போது அடுக்கு பாதியாகக் குறைந்திருந்தது.

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாம் மக கொண்டாந்த டிசைனு" என்றார்.

என் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றது.

"நான் இல்லப்பா" என்றாள் அவள். "நான் கெடுத்துட்டேன். வித்தது இவ."

எல்லோரும் கேட்கும்படி, சாதாரணமாகச் சொன்னாள். அப்போது எனக்கு வந்த பொறாமை அதற்கு முன்னோ பின்னோ வந்ததில்லை. வாயல் சேலைக்கும் ஆங்கிலத்துக்கும் பட்ட பொறாமையெல்லாம் அதன் முன் தூசி. 'நான் கெடுத்துட்டேன்' என்று சொல்லிவிட்டு அவள் அன்று இரவும் அதே வீட்டில் மகளாகச் சாப்பிடுவாள். அதே சொல்லை நான் சொல்லியிருந்தால் மறுநாள் காலை என் முதுகில் கொழுந்துக் கூடை இருந்திருக்கும். உண்மை பேசுவதற்குக்கூட அவளிடம் வசதி இருந்தது.

அடுத்த வருஷம் கொள்முதலுக்கு எங்கள் இருவரையும் முதலாளி கூட்டிப்போனார். என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டது அவள், அதற்கும் நான் நன்றி சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள். அவள் விடுவதற்கு முன்பே நான் உட்கார்ந்திருந்தேன்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரி எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் மகளுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி தடுமாறினார்.

"அவங்கதான் மக" என்றேன் நான். "பஞ்சு பாக்கிறது நான். வெலையச் சொல்லுங்க."