எதிரே வந்த வெள்ளைச் சேலை

போன மாதம் ஒரு மலைக்குப் போய் வந்தேன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கோவிந்தாபுரத்தில் எங்கள் கிணற்று மேட்டில் நின்றால் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் மலைதான். விடிந்தால் மலை, சாய்ந்தால் மலை. மழை அங்கிருந்து வர வேண்டும். வராவிட்டால் நாங்கள் திட்டுவதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதில் ஏறியதில்லை. ஏறி என்ன செய்ய... அங்கே நெல்லா விளைகிறது?

இந்த நினைப்பைக் கலைத்தவர் பொன்னாத்தா நங்கையா.

என் வீட்டுக்காரருக்கு அக்கா. வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் 'நங்கையா' என்றுதான் கூப்பிடுவோம். இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வயது ஐம்பது சொச்சம். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, நாலு வருஷம் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்து உட்கார்ந்திருந்தார். புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். முற்றுவதற்குக் காத்திருந்த காலத்தில் அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டார். கடைசியாக அந்த முகத்தைக் கையால் தடவித்தான் பார்த்தார் நங்கையா.

அப்புறம் துக்கம், வெள்ளாமை, கூடப் போக ஆள் இல்லை... என்று தள்ளிக்கொண்டே போய், இந்த வருஷம்தான் கோயமுத்தூரில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது.

சோடாப் புட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்பினார். அந்தக் கண்ணாடி வழியே எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியுமாம். இன்னொரு விசேஷம் - நீல நிறம். புரை எடுத்த கண்ணுக்கு நீலம் கொஞ்ச காலம் தூக்கலாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நமக்குச் சாம்பலாகத் தெரிகிற மலை அவருக்கு எப்படித் தெரிந்ததோ... கிணற்று மேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, இந்த மல எப்பவுமே இத்தன நீலமாவா இருந்துது?"

"அது எப்பவும் போலத்தானுங்க இருக்குது நங்கையா."

"கிட்டப் போயிப் பாக்கோணும்."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது.

"ஏனுங்க அத்தை, பஸ்ஸு குலுக்கற குலுக்கல்ல கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆருங்க பாக்கறது?" என்று என்னைத்தான் கேட்டான் அவர் மகன் பழனிச்சாமி. பாரம் தூக்கக் கூடாது, பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்துப் பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "வந்த கண்ண வெச்சுட்டு ஊட்டுல இருந்தா ஆகாதா?"

நங்கையா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"நாலு வருசம் நீங்க உக்காரச் சொன்ன எடத்துல உக்காந்தேன். எந்திரின்னப்ப எந்திரிச்சேன். இப்ப நானா ஒரெடத்துக்குப் போகோணும். அம்மிணி கூட வந்தா வரட்டும். இல்லீன்னா வழி கேட்டுட்டுப் போயிக்கறேன்."

அம்மிணி என்றால் நான்தான். அப்புறம் போகாமல் இருக்க முடியுமா?

என் தங்கை சாவித்திரி மூணாறுக்குப் பக்கத்தில் சித்திரபுரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு பவர் ஹவுஸில் வேலை, குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். பொள்ளாச்சி ஒரு பஸ், உடுமலைப்பேட்டை ஒரு பஸ், அங்கிருந்து மூணாறு பஸ் என்று கிளம்பினோம். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி வண்டி வளைந்து ஏறத் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மலையைப் பார்க்கக் கண்ணுள்ளவள் கண்ணை மூடிக்கொண்டு வந்த லட்சணம் இது.

நங்கையாவோ ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வளைவில் சட்டென்று பள்ளம் திறந்தது. கீழே, நாங்கள் வந்த ரோடு பாவாடை நாடா மாதிரி கிடந்தது. அதற்கும் கீழே மேகம். மேகத்தைத் தலைக்கு மேலே பார்த்தே பழகியவர் குனிந்து பார்த்தார்.

"அம்மிணி."

"சொல்லுங்க நங்கையா."

"தோட்டத்துல நின்னு பாத்தா இது சுவராட்டந்தான தெரியும்? சுவத்துக்கு அந்தப்பக்கம் வேறொண்ணும் இல்லீன்னு நெனச்சுட்டு இருந்தேன். உள்ளார இத்தன ஊரு இருக்குது. பஸ்ஸு போகுது. ஒருத்தன் சைக்கிள்ள பால் கொண்டு போறான், பாரு."

பார்த்தேன். தேயிலைச் சரிவுக்கு நடுவே நிஜமாகவே ஒருவர் பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அத்தனை பெரிய மலையில் அத்தனை சின்ன மனுஷர். மிட்டாயை மறந்துவிட்டேன். அப்புறம் கண்ணை மூடவே இல்லை.

சித்திரபுரம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குளிர் என்றால் அப்படிக் குளிர். முன்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்ததுதான் தெரியும்.

காலையில் மாட்டுப்பட்டிக்குப் புறப்பட வேண்டும். டேம், பால் பண்ணை, வெளிநாட்டு மாடு எல்லாம் பார்க்கலாம் என்று சாவித்திரி ஆசை காட்டியிருந்தாள். நங்கையா குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் காயப்போட உள்ளறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

வாசற்படியில் நின்றுவிட்டார். இரண்டடி பின்னால் வந்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, கொஞ்சம் தண்ணி கொண்டா."

"ஏனுங்க, மயக்கமா வருதுங்களா?"

"அதெல்லாம் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொறப்படற நேரத்துல வெள்ளச் சீல கட்டுன அம்மா ஒருத்தரு எதுக்க வர்றாங்க. அவுங்க போகட்டும். தண்ணி குடிச்சுட்டு அப்புறம் போலாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். புறப்படும்போது தாலியறுத்தவர் எதிரில் வந்தால் சகுனம் சரியில்லை என்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அப்புறம் கிளம்புவார்கள். நங்கையா பிறந்ததிலிருந்து இதைச் செய்து வந்தவர். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கை அனிச்சையாகச் செய்கிற காரியம்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. இரும்பு பீரோ இருந்தது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி.

சொல்வதா, வேண்டாமா? சாவித்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆரும் வரலீங்களே அக்கா, அது பீரோக் கண்ணாடிங்க" என்று சொல்லிவிட்டாள்.

நங்கையா எழுந்தார். மெல்ல நடந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அந்த அம்மாவும் வந்தார். கை நீட்டித் தொட்டார். விரலுக்கு விரல் ஒட்டி நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ...

யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தாலி இறங்கியபோது கண் இல்லை. வெள்ளையை யாரோ கொண்டு வந்து கட்டிவிட்டார்கள். வீட்டில் இருக்கிற ஒரே கண்ணாடி, ஆண்கள் சவரம் செய்ய உயரத்தில் மாட்டிய சின்னக் கண்ணாடி. பொட்டு வைக்காதவருக்கு அதனிடம் என்ன வேலை? கண் திரும்பியும் அவர் அதன் பக்கம் போகவில்லை.

"குனிஞ்சா மடியில வெள்ளத்துணி தெரியும்" என்றார் மெதுவாக. "அது ஒண்ணும் பண்ணல அம்மிணி. துணிதானேன்னு இருந்தேன். இப்பிடி மொத்தமாப் பாக்கல." கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "என்னையக் கண்டு நானே ஒதுங்கி உக்காந்தேனே" என்றார்.

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். காது, கழுத்து, நரைத்த முன்முடி... முதன்முதலாக ஒருவரைப் பார்க்கிற மாதிரி, மரியாதையோடு பார்த்தார்.

ஊரைவிட்டுப் போனால்தான் நம்மை நமக்குத் தெரிகிறது. ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொந்த ஊரில் நம்மை எல்லோருக்கும் தெரியும். அப்புறம் நாம் வேறு தனியாக எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறோம்.

"சாவித்திரி, உன்ற சீல ஒண்ணு குடு கண்ணு. நீலமா இருந்தாக் குடு."

சாவித்திரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஊரில் என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரிந்தது. பழனிச்சாமி முகம், என் வீட்டுக்காரர் முகம், பங்காளிகள் முகம். இந்தப் பத்தியில் எத்தனையோ எழுதுகிறவள்தான்... அந்த நேரத்தில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவரே முடித்துவைத்தார். "அம்மிணியக் கேக்காத. உடுத்தறது நானு."

நைலக்ஸ் சேலை. மயில் கழுத்து நிறம். வெள்ளை ரவிக்கைக்கு மேலே அதைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பியபோது, எனக்குக் கல்யாணமான புதிதில் பார்த்த நங்கையா கண்ணில் வந்து போனார்.

மாட்டுப்பட்டியில் பண்ணை மாடுகள் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன. வேலிப் பக்கம் நின்று நங்கையா மலைத்துப்போனார். "இது மாடா, ஆனையா?" கண்ணாடி பாதி, மாடு பாதி என்று நினைத்துக்கொண்டேன். டேம் தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. காற்றில் தண்ணீர் அசைந்தால் மலையும் அசைந்தது. அவர் கரைக்கல்லில் உட்கார்ந்தவர், பசி என்றுகூடச் சொல்லவில்லை.

வேலை முடிந்து வந்த எஸ்டேட் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். திருநெல்வேலிப் பேச்சு.

"எந்த ஊருல இருந்து வாறீய?"

"கீழ, கோவிந்தாபுரமுங்க."

"தலை வெறிச்சுன்னு கெடக்கே. இந்தாங்க, பூ வச்சுக்கிடுங்க." தன் தலைச் சரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினாள்.

நங்கையா வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். அவள் போன பிறகு என்னிடம் கொடுத்தார். "நீ வெச்சுக்கோ. பூவு அவரோட போகட்டும். சீல என்னோடது."

எங்கே கோடு போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீலத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நீலத்தோடுதான் ஊருக்கும் வந்து இறங்கினார். வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த பழனிச்சாமி அம்மாவைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், வீடு வரை மாட்டோடு மட்டும் பேசினான். "நீங்க கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதுங்க அத்தை" என்று இறங்கும்போது என்னிடம் சொன்னான்.

மறுநாள் காலையில் பெரிய பங்காளி வந்தார். மரியாதைப்பட்ட மனிதர். மரியாதையாகவே கேட்டார்.

"நம்ம சனத்துல இல்லாத பழக்கமுங்களே இது."

"இல்லாததுதானுங்க" என்றார் நங்கையா. "எனக்குக் கண்ணுங்கூட இல்லாமத்தான் இருந்துது. அப்புறம் வந்துது."

பங்காளி மோரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அடுத்த வாரம் அந்தப் பங்காளியின் பேத்திக்குக் காதுகுத்து. சொல்லிவிட்டார்கள் - வீட்டோடு எல்லோரும் வரலாம், அம்மா மட்டும் வெள்ளையில் வருவதானால் வரட்டும் என்று. பழனிச்சாமி புதுவேட்டியை எடுத்துக் கட்டினான். பிறகு அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பழைய வேட்டியோடு அம்மாவிடம் வந்தான்.

"நாம போறதில்லீங்கம்மா" என்றான். "சோளக்காட்டுக்குத் தண்ணி கட்டோணும்."

அவ்வளவுதான் சொன்னான். மகனிடம் அவர் எதிர்பார்த்ததற்கு அது அதிகமா குறைவா, எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டிவிட்டதை நான் கிணற்று மேட்டிலிருந்து பார்த்தேன். மடை மடையாய்த் தண்ணீர் போக, வரப்பில் நீலமாக ஒரு ஆள் கூடவே நடந்துகொண்டிருந்தார்.

பாக்கி இருந்தது என் வீட்டுக்காரர். ஊர் திரும்பியதிலிருந்து அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நேற்று என்ன தோன்றியதோ, சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு சீப்புப் பழத்தோடு போனார். பொழுது இறங்கித்தான் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

"நங்கையா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அது பாட்டுக்கு மலையப் பத்திச் சொல்லிட்டே இருந்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது. பாத்துட்டே உக்காந்திருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்த மூணாறு பஸ்ஸு உடுமலையில எத்தன மணிக்கு?" என்றார்.

கேட்டுவிட்டு, வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் சோறு போடவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.