அதே விலாசம், பேஸ்மென்ட்

நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன்.

எடிசன் என்ற ஊருக்குப் பக்கத்து ஊரில், என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ட்டில் மூன்று வருடம் இருந்தோம். அண்ணனை நாங்கள் நானா என்போம், அவர் மனைவியை லாத்தா. நானாதான் ஸ்பான்சர் பண்ணி எங்களை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொண்டவர். கம்ப்யூட்டர் வேலை, ஐந்து வேளையும் தொழுகிறவர், நல்ல மனிதர். இதைப் படித்துவிட்டு அவரைக் குறைவாக எண்ண வேண்டாம். என் வீட்டுக்காரர் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கறிக்கடையில் ஆடு வெட்டினார். நான் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

பேஸ்மென்ட்டின் ஒரே ஜன்னல் கூரையை ஒட்டி இருந்தது. அதில் மனிதர்களின் கால்கள் மட்டும் தெரியும். தபால்காரர் கால், புல் வெட்டுகிறவர் கால், நானாவின் பிள்ளைகள் பந்து விளையாடும் கால். தொழுகைக்கு நின்றால் கிப்லா பக்கம் வீட்டுக்குச் சூடு கொடுக்கிற ஃபர்னஸ் இரைந்துகொண்டிருக்கும். என் மகளை கிண்டர்கார்டனில் 'என் வீடு' என்று படம் வரையச் சொன்னபோது, அவள் நாலு ஜோடி ஷூ வரைந்து கொடுத்தாள். டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊர் ஓரத்தில் செடி விற்கிற நர்சரி ஒன்றை மூடிவிட்டு அங்கே டவுன்ஹவுஸ் என்று ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள் கட்டப் போவதாகவும், அதில் பின் வரிசை வருமானம் குறைந்தவர்களுக்கு என்றும் லைப்ரரியில் ஒரு காகிதம் வைத்திருந்தார்கள். இப்போதே பெயர் எழுதிக் கொடுக்கலாமாம். எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'ஹவுசிங் லாட்டரி' என்ற இடத்தில் நின்றார். காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"லாட்டரில விழுற வூடு நமக்கு வேணாம். ஹராம்."

"காசு இல்லீங்க, வூடுங்க."

"எங்கத்தா மவுத்தானப்ப சட்டைப் பையில இருந்தது லாட்டரி சீட்டுதான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. என் மாமனார் நாளைக்குக் குலுக்கல், நாளைக்குக் குலுக்கல் என்றே வாழ்ந்து முடித்தவர். காகிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

சமையற்கட்டில் என்னோடு வேலை பார்த்தவள் ஆஸ்திரியாக்காரி. என் வயதுதான். நான் ஆஸ்திரேலியா என்று நினைத்து மூன்று மாதம் அவளிடம் வெயிலைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தேன். அவளும் பொறுமையாக, "எங்க ஊர்ல பனி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அதனாலேயே ஒருவர் பேச்சு மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. அவளிடம் லாட்டரி விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "நான் பொறந்த வீடே ஒரு தொப்பிக்குள்ளேர்ந்து வந்ததுதான்" என்றாள்.

அவளுடையது மலையடிவாரத்துச் சின்னக் கிராமமாம். அவள் தாத்தா காலத்தில் அங்கிருந்த நூல் மில் மூடிப்போய், வேலையில்லாத குடும்பங்கள் கொட்டகைகளில் கிடந்தன. அரசாங்கத்தில் ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கும் புல்தரையைக் கொடுத்து, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு வீடு. எந்த வீடு யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் எல்லா வீட்டுக்கும் மண் சுமந்தார்கள், சுவர் வைத்தார்கள். கடைசி ஓடு போட்ட பிறகு பாதிரியார் எண்களைச் சீட்டில் எழுதித் தன் தொப்பியில் போட்டு எடுக்கச் சொன்னாராம்.

"ஏன் மொதல்லயே எடுக்கல?" என்று கேட்டேன்.

"எடுத்திருந்தா எங்க தாத்தா அடுத்தவன் வீட்டுக்கு நல்ல செங்கல் வெச்சிருப்பாரா?"

வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட இடம், ஒரு ஆடு கட்ட இடம். ஊர்க்காரர்கள் அவர்களை 'சேத்து ஆளுங்க' என்றார்களாம். சர்ச்சில் கடைசி பெஞ்சுதான் அவர்களுக்கு. யுத்தம் முடிந்து அகதிகள் வந்தபோது இரண்டாவது வரிசை கட்டினார்கள். முதல் வரிசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த கூலிக்காரர்களுக்கு மூன்றாவது வரிசை என்று பேச்சு வந்தது. வேண்டவே வேண்டாம் என்று எழுதிய காகிதத்தில் முதல் கையெழுத்து இவளுடைய அப்பாவுடையது.

"தொப்பியில வந்த வீட்டுல, சாப்பாட்டு மேசை மேல வெச்சுக் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

தொப்பிக் கதையை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் நின்றார். நான் பெண்கள் பக்கத்துக் கதவோரம் நின்று கேட்டேன்.

"சீட்டுக்குக் காசு கட்டணுமா தம்பி?"

"இல்ல ஹஜ்ரத்."

"விழலன்னா கையில இருக்கறது எதாச்சும் போயிடுமா?"

"இல்ல."

"அப்ப அது சூது இல்ல. ஆளுக்கு மேல ஆளு இருந்தா சீட்டுக் குலுக்கிப் போடுறதுதான் நியாயம். ரசூலுல்லாஹ் பயணம் போறப்ப, கூட வர்றது யாருன்னு சீட்டுப் போட்டுத்தான் எடுப்பாங்க. யூனுஸ் நபி கப்பல்லயும் சீட்டுத்தான்."

"அவங்களுக்குச் சீட்டு விழுந்து கடல்லதானே ஹஜ்ரத் தூக்கிப் போட்டாங்க?"

"மீன் வயித்துலேர்ந்து வெளிய வந்தாங்களா இல்லியா? நீயும் பேஸ்மென்ட்டுலேர்ந்து வந்துடுவ. போய் எழுது."

தொழுதுவிட்டு எழுதிக் கொடுத்தோம். வீடு விழுந்த பிறகு நானாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

இரண்டு வாரத்தில் லாத்தா படியிறங்கி வந்தார்.

"வியாழக்கெழமை டவுன் ஹால்ல மீட்டிங். நம்ம ஏரியாவுல லோ இன்கம் வீடு கட்டப் போறாங்களாம். எல்லாரும் போய் அப்போஸ் பண்றோம். நீயும் வா, நாற்காலி நெறையணும்."

"நான் என்ன லாத்தா பேசுறது?"

"நீ ஒண்ணும் பேச வேணாம்டி. உக்காந்தா போதும்."

என் வீட்டை வேண்டாம் என்று சொல்ல என்னையே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஹாலில் இடமில்லாத கூட்டம். மைக்குக்கு வருகிறவர்கள் முதலில் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும், அது அங்கே சட்டம். ஒரு அம்மா டிராஃபிக் கூடிவிடும் என்றார். ஒருவர் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றார். இன்னொருவர், "அந்த மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள்" என்றார். பெட்ரோல் பங்கில் நானாவைப் பார்த்தும் ஒருவன் இதையே சொல்லியிருக்கிறான். அன்று சாப்பிடாமல் படுத்தவர் நானா.

அந்த நானா எழுந்தார். பெயரையும் விலாசத்தையும் சொன்னார். நல்ல இங்கிலீஷ். உழைத்து வாங்கிய வீடு, விலை இறங்கிவிடும், வருகிறவர்களுக்கு வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாது என்றார். கைதட்டினார்கள். லாத்தாவும் தட்டினார். அவர்கள் வீட்டு நாலு பாத்ரூமையும் வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவியது நான். குறையாகச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. லாத்தா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "எங்கடி போற? பாத்ரூம் அந்தப் பக்கம்."

மைக் முன்னால் நின்று பெயரைச் சொன்னேன். விலாசம் கேட்டார்கள். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பொய் சொன்னால் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் நானாவுக்கு. பிஸ்மில்லாஹ் என்று, நானா சொன்ன அதே நம்பரையும் அதே தெருவையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சேம் அட்ரஸ்?"

"யெஸ் சார். சேம் அட்ரஸ். பேஸ்மென்ட்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த மாதிரி ஆள் நான்தான். உங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறேன். காலையில் உங்களுக்கு நான் வேண்டும், சாயந்திரம் வேண்டாமா? இந்த வீட்டுக்குப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பின் வரிசை போதும். என் மகள் வீடு வரைந்தால் அதில் ஒரு கதவு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

திரும்பும்போது காரில் லாத்தா வெடித்தார். "குடும்ப மானத்த மைக்குல போட்டு ஒடச்சிட்டியேடி!"

நானா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எழுதிப் போட்டத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கீழ எறங்கி வந்து ஒரு நாளாச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் நானா."

என் வாயால் வந்த வினையும் உண்டு. பேஸ்மென்ட்டில் குடி வைக்க அனுமதி இல்லையாம். டவுனிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வந்தது. ஒரே மாதத்தில் காலி பண்ணி, கறிக்கடைக்கு மேல் ஒற்றை அறைக்குப் போனோம். நர்சரி இடத்தில் அந்த வீடுகளைக் கட்ட அனுமதி கிடைத்தது. குலுக்கலில் எங்கள் பெயர் மிகவும் பின்னால் வந்தது, வெயிட்டிங் லிஸ்ட்.

"கடல்ல போட்டாச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மீன் வரும், இருங்க."

இரண்டு வருடம் கழித்து ஒரு குடும்பம் டெக்சாஸ் போக, எங்கள் முறை வந்தது. பின் வரிசை, ஓரத்து வீடு. குடி புகுந்த மூன்றாம் நாள் நானா தனியாக வந்தார். மஃரிப் தொழுதார். ஜன்னலைத் திறந்து பார்த்து, "காத்து நல்லா வருது" என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். லாத்தா வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

போன மாதம் கதவு தட்டினார்கள். எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற தமிழ்த் தம்பி, கையில் காகிதம்.

"ஆன்ட்டி, நமக்குப் பின்னாடி இன்னொரு வரிசை லோ இன்கம் கட்டப் போறாங்களாம். நம்ம வேல்யூ போயிடும். இங்க சைன் பண்ணுங்க."

"உங்களுக்கு இந்த வூடு எப்புடி தம்பி கெடச்சது?"

"லாட்டரிலதான் ஆன்ட்டி."

அவர் நீட்டிய பேனாவை நான் வாங்கவில்லை.

"மீட்டிங் என்னிக்கு, அதச் சொல்லுங்க. விலாசம் சொல்லிப் பேசணும்."