இன்னும் ஒரே ஒரு ஈத்து

மிருக டாக்டர் கிளினிக்கில வேலை பார்க்கிறவளை நாய் கடிச்சா ஊசி போட்டுக்கலாம். நாய்க்காரங்க பேசினா அதுக்கு ஊசியே கிடையாது. பதுளை டவுன்ல கவுண்டர் கவுண்டரா நின்னு, சிரிச்ச முகம் மாறாம பல்லைக் கடிக்கிற என் சக பாவப்பட்ட ஜனங்களே, இது உங்களுக்குத்தான்.

சொந்தத்துல சம்பந்தம்

பெரகல சந்தியில கடை வச்சிருக்கிற சந்திரன் அண்ணன் ராணியைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ராணி நல்ல அல்சேஷன். ஓய்வில்லாம குட்டி போட்டுப் போட்டு மடி தரையைத் தொடுது, விலா எலும்பு வெளியில தெரியுது. அண்ணன் கையில புது மோதிரம் மின்னுது. அது எந்த ஈத்துல வந்ததுன்னு நான் கேக்கல.

எங்க டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டாரு. "கடைசியா ஆரோட சேர்த்தனீங்கள்?"ன்னு கேட்டாரு. ராணியோட சொந்த மகனோடயாம்! குட்டிங்க காலு வளைஞ்சு பிறக்கிறது அதனாலதான், இவளுக்குக் கர்ப்பப்பையும் புண்ணாயிருச்சு, இனிமே குட்டியே கூடாதுன்னு டாக்டர் பொறுமையா சொன்னாரு. அண்ணனுக்கு வந்ததே கோவம்!

"நாமளும் சொந்தத்துலதானே டாக்டர் பொண்ணு எடுக்கிறோம்? வெளியில குடுத்தா ஜாதி கெட்டுப் போயிரும்ல!"

செத்துப்போன ராணி

அடுத்த வாரம் கொட்டுற மழையில கிளினிக் கேட்டுல ராணியை யாரோ கட்டிப் போட்டுட்டுப் போயிருந்தாங்க. உடனே சந்திரன் அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சேன். அவரு "ஹலோ"ன்னதும், நிக்கக்கூட முடியாம கிடந்த ராணி வாலை ஆட்டிக்கிட்டு எந்திரிக்கப் பார்க்குது.

"அது நம்ம நாயே இல்லம்மா. நம்ம ராணியை நேத்துத்தான் பொதைச்சோம்."

பொண்ணு பார்க்கிற படலம்

ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தியாச்சு. ஆனா பின்னால இருக்கிறது ஒரே ஒரு கூடு, அது நோயாளி நாய்ங்களுக்கு வேணும். சீக்கிரமா வீடு கிடைக்கலன்னா ராணிக்கு மறுபடியும் ரோடுதான். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் கேட்டேன். பல்லைப் பார்த்தாங்க, நடக்கவிட்டுப் பார்த்தாங்க, வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு போனாங்க. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் நான் குடுக்கல.

ஹல்துமுல்லையில இருந்து ஒரு சார் வந்தாரு. மடியில காலு வளைஞ்ச அல்சேஷன் குட்டி. சந்திரன் அண்ணன்கிட்ட நல்ல விலை குடுத்து வாங்கினதாம். ராணியோட குட்டியேதான்! பெத்தவளை ஒரு பார்வை பார்த்துட்டு அவரு சொன்னாரு:

"சும்மா குடுக்கிற நாய்னா அதுல ஏதோ குறை இருக்கும் மிஸ்."

பேரு வெட்டினவங்க

மடுல்சீமை பாக்கியம் அக்கா ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தாங்க. தேயிலைக் கொழுந்தெடுத்துக் காய்ச்சுப்போன விரலு. பெஞ்சுல உக்காந்த அவங்க பாதத்துல ராணி போய்த் தலையை வச்சிருச்சு. நான் ஒளிக்கல. வயசாயிருச்சுக்கா, குட்டி போடாது, காவலுக்கும் தேறாதுன்னு சொன்னேன். அக்கா சிரிச்சாங்க. அவங்க சொன்ன பதிலைக் கேட்டு, மருந்து தேடுற மாதிரி உள்ள போய் அழுதுட்டேன்.

"வயசாயிருச்சுன்னு தோட்டத்துல எனக்கும் பேரு வெட்டிட்டாங்க, இனி வேலை இல்ல. ரெண்டு பேரும் லயத்து வீட்டு வாசல்ல குந்தியிருப்போம், வா தாயி."

மறு தரிசனம்

சில மாசம் கழிச்சு விசர்நாய்த் தடுப்பூசிக்கு அக்கா ராணியைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அடடா, உடம்பு தேறி, முடி பளபளன்னு, ஆளே மாறிட்டா! அதே பெஞ்சுல, புதுசா வாங்கின இளம் பொட்டை நாயோட நம்ம சந்திரன் அண்ணன். ராணி அவரை ஒரு தடவை மோந்து பார்த்தா. வாலு ஆடல. திரும்பி அக்கா காலடியில படுத்துக்கிட்டா. அண்ணன் அவளை மேலயும் கீழயும் அளந்தாரு.

"நல்ல ஜாதி நாயா இருக்கே அக்கா! வீணாக்காம இன்னும் ஒரே ஒரு ஈத்து எடுக்கலாமே?"

ஜாதியை அந்த நிமிஷமே கண்டுபிடிச்ச மனுஷனுக்கு, தான் பொதைச்ச நாயை மட்டும் அடையாளம் தெரியல.