மாளிகை பார்க்கப் போய் மணியடித்த கதை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அக்காவும் மிச்சம் என்கிற எங்கள் ஊரில் ட்ராம் ஏறினோம். மோர்டனுக்கு அப்பால் பழைய பிரபு மாளிகை ஒன்றையும் பக்கத்துத் தேவாலயத்தையும் அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், கட்டணமில்லை. அக்கா ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அத்தான் இறந்து ஒரு வருடம். அங்கே தனியாக இருக்கிற வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடச் சொல்லிப் போனில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. மாளிகைத் தோட்டத்தில் வைத்து நேரே கேட்பதென்று இருந்தேன்.

பஸ் மாறிப் போய்ச் சேரப் பதினொரு மணி. இரண்டு வரிசைகள், எது எதற்கென்று தெரியவில்லை. குட்டையானதில் நின்றோம். அது ஒரு கல்வாசலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து படியேறியது. மாளிகைக்கு இவ்வளவு ஒடுக்கமான படியா என்று குழம்பியபடியே ஏறினேன். மேலே ஓவியமுமில்லை, கட்டிலுமில்லை; கூரையிலிருந்து கயிறுகள் தொங்கின. தேவாலயத்தின் மணிக்கோபுரத்துக்குள் வந்திருந்தோம்.

பின்னால் ஆட்கள், இறங்கவும் வழியில்லை. மணியடிக்கும் வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர், விருப்பமானவர்கள் இழுத்துப் பார்க்கலாம் என்றார். அக்கா முன்னால் போய் நின்றார். ஒரு வருடமாக எதிலும் மனம் வைக்காதவர், எனக்கு நம்பமுடியவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தாடிக்காரர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: கம்பளி சுற்றிய இடத்தில் பிடித்து இழுக்கவேண்டும், பிறகு விட்டுவிடவேண்டும், விடாவிட்டால் மணி ஆளையே தூக்கிவிடும்.

அக்கா இழுத்தார். விடவில்லை. குதிக்கால்கள் நிலத்தைவிட்டு எழும்பின.

"விடுங்கோ அக்கா, விடுங்கோ" என்றேன். தாடிக்காரர் பாய்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சிவந்த உள்ளங்கைகளோடு என்னைப் பார்த்தார். "விடு விடு எண்டு எல்லாரும்தான் சொல்லுறியள். எப்ப விடுறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

கயிற்றைத்தான் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தாடிக்காரரிடம் கேட்டேன். அவர் தாமும் கயிற்றில் கைவைத்து, விடவேண்டிய நேரத்தில் தலையசைத்துக் காட்டினார். அக்கா விட்டார். தலைக்கு மேலே மணி ஒலித்தது. ஒலி அடங்கும்வரை அண்ணாந்தபடியே நின்றார்.

"இதை இஞ்ச பழக்கிறவையோ எண்டு கேள் தம்பி."

செவ்வாய்தோறும் மாலையில், யாரும் வரலாம் என்று பதில் வந்தது. அக்கா "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

மாளிகை வரிசை அதற்குள் தெருவரை நீண்டிருந்தது, பார்க்காமலே திரும்பினோம். ஜெர்மனியில் தன் வீட்டுக்கு எதிரிலும் ஒரு தேவாலயம் இருக்கிறதாம். அங்கே மணியை மோட்டார்தான் அடிக்குமாம். ட்ராமில் அக்கா இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. எங்களோடு இருக்க வருவதாகத்தான் அந்த ஓம் சொன்னாரா, இல்லையா? தெரியாமலே வீட்டுக்கு வந்து, அக்காவுக்கென்று நினைத்திருந்த மேலறையில் அடைந்து கிடந்த பெட்டிகளைக் கீழே இறக்கத் தொடங்கினேன்.