முதலில் நலம் என்றுதான் சொல்வார்கள்

பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான். காலையில் பாலக்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவேன். எல்லோரும் இறங்கிய பிறகும் காலி வேனுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பேன். ஹேண்ட் பிரேக்கை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. வருகிற கஷ்டம் வந்து சேருவதற்குள் நான் அதற்குப் பயந்து முடித்திருப்பேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பா படுக்கையில் விழுந்தார், நான் லாரியில் கிளீனராக ஏறினேன். அதற்குப் பிறகு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தது ஐம்பத்தாறு வயதில், சுவாஹிலி கற்றுக்கொள்வதற்கு.

காரணம் என் மருமகள். எங்கள் ஒரே மகன் வெல்டர். கைலாசபுரத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கை பழகியவன், தான்சானியாவுக்கு வேலைக்குப் போனான். நான்காவது வருஷம் அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் அவளைப் போனில்தான் பார்த்தோம். அவன் சொல்லிக்கொடுத்திருந்தபடி, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியும், யாராவது திருப்பிக் கேட்டால் "சாப்டேன்" என்ற பதிலும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த தமிழ். என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் மகனோடு பேசுவாள். மருமகளோடு ஒரு வார்த்தை கிடையாது.

மருமகள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் நடக்கும்போது மகனை வெகுதூரத்தில் ஒரு சுரங்கத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே டவர் கிடையாது. வாரத்தில் ஒருநாள் ஊர்ப்பக்கம் வந்தால்தான் பேசுவான். மருமகள் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அவர்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது. வாரத்தில் ஆறு நாள் அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரைக் கேட்பது? வயிற்றில் இருப்பது என் பேரப்பிள்ளை. தூக்கம் போயிற்று.

வேன் முதலாளியின் மன்னார்புரத்து வீட்டு மாடியில் ஒரு தான்சானியாப் பெண் குடியிருந்தாள். நர்சிங் படிக்க வந்தவள், மூன்று வருஷத்தில் தமிழைத் துண்டு துண்டாகப் பிடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடம் போனேன். கதவு திறந்திருந்தது. "இருக்கியாம்மா?" என்றபடி உள்ளே காலை வைத்தேன்.

"அங்கிள், வெளிய போங்க!" என்றாள்.

பயந்து வெளியே வந்தேன். அவள் சிரித்தாள். "முதல் பாடம் இதுதான். வாசல்ல நின்னு 'ஹோடி'ன்னு கூப்பிடணும். உள்ள இருந்து 'கரிபு', வாங்கன்னு பதில் வந்தாதான் நுழையணும். மூணு தடவை கூப்பிட்டும் பதில் வரலையா, கோவிச்சுக்காம திரும்பிப் போயிடணும்."

மூன்று தடவை என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஹேண்ட் பிரேக் ஞாபகம் வந்தது.

வயதில் சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமோ" என்று வணங்க வேண்டும். பெரியவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அவள் ஷிகாமோ சொன்னதும் மரியாதைக்கு நானும் ஷிகாமோ சொல்லிவிட்டேன். "ஐயோ அங்கிள், எனக்குப் பாவம் வரும்!" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு விசாரிப்பு. வீட்டில் என்ன செய்தி, வேலையில் என்ன செய்தி, உடம்புக்கு என்ன செய்தி என்று வரிசையாகக் கேட்க வேண்டும். செய்திக்கு ஹபாரி. பதில் ந்ஸூரி. நலம் என்று அர்த்தம். அந்தச் சொல்லின் தொடக்கம் என் வாயில் நுழையவே இல்லை. நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிவைத்து, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வேன்.

"எட்டாங்கிளாஸ்ல இந்த அக்கறை இருந்திருந்தா கலெக்டரே ஆகியிருக்கலாம்" என்பாள் மனைவி. "அங்க மாமான்னா என்ன தெரியுமாடி? அம்மா!" என்றேன் ஒருநாள். "அப்ப உங்கள என்னன்னு கூப்பிடுறா?" "பாபா. அப்பான்னு அர்த்தம்." "நல்ல வேளை. இல்லாட்டி நீங்கதான் பிரசவம் பாக்கணும்" என்றாள். மருமகளைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மருமகளுக்கு நானே போன் செய்வேன். ஷிகாமோ, மரஹபா, வீடு நலம், உடம்பு நலம், குவாஹேரி என்று விடைபெற்றுக்கொள்வேன். வைத்தபின் அன்றைக்கு மட்டும் தூக்கம் வரும்.

ஒரு புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். நான் படிக்கட்டில் இருந்தேன். அவளாகக் கூப்பிட்டதே இல்லை என்பதால் உடனே எடுத்தேன். ஷிகாமோ என்றாள். குரல் சின்னதாக இருந்தது. மரஹபா என்றேன். வீட்டில் என்ன செய்தி? ந்ஸூரி. அம்மாவுக்கு? ந்ஸூரி. உடம்புக்கு? கொஞ்சம் நின்று, ந்ஸூரி என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. 'எனக்குச் சந்தோஷம்' என்பதற்கு அந்த வாரம்தான் புதிதாகப் படித்திருந்தேன். "நிமேஃபுராஹி" என்று தப்பில்லாமல் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, குவாஹேரி சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான், அன்றைக்கு ஒருநாள் கவலைப்படாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மகன் கூப்பிட்டான்.

"அப்பா, குழந்தை தங்கலப்பா. செவ்வாக்கிழமை ராத்திரி. பொறக்கும்போதே உசுரு இல்ல. நான் இப்பதான் வந்து சேர்ந்தேன்."

"நேத்து பேசினேனேடா. நல்லா இருக்கேன்னு சொன்னாளே!"

"அதச் சொல்லத்தாம்பா கூப்பிட்டிருக்கா. என் லைன் கெடைக்கல. உங்ககிட்ட சொல்லலாம்னு... நீங்க சந்தோஷம்னு சொல்லிட்டு வச்சுட்டீங்களாம்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மன்னார்புரம் போனேன். ஹோடி சொல்லவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்து, அந்த நர்சிங் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எனக்கு ஒரு படி கீழே வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், நாங்க முதல்ல ந்ஸூரிதான் சொல்லுவோம். காய்ச்சல்ல கிடந்தாலும், வீட்ல சாவு விழுந்தாலும். உடனே கெட்டதச் சொன்னா அது மரியாதை இல்ல. அப்புறம் கொஞ்சம் சும்மா இருப்போம். அப்புறம்தான் 'லாகினி'ன்னு வரும். 'ஆனா'ன்னு. நீங்க அதுக்குக் காத்திருக்கணும்."

"இத ஏம்மா எனக்குச் சொல்லித்தரல?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லித்தரணும்னே தெரியல அங்கிள். இங்க 'சாப்டீங்களா'ன்னு கேட்டா எல்லாரும் 'சாப்டேன்'னுதான் சொல்றாங்க. பட்டினியா இருந்தாலும். அத எனக்கு யாரும் சொல்லித்தரல. பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

துக்கத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "போலே" என்றாள். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா மண்டபத்தில் நல்ல கூட்டம். படிக்கட்டு முழுக்க எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தர்ப்பணம் செய்துவைத்த ஒருவரிடம், "சாமி, பொறக்கறப்பவே போயிட்ட குழந்தைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குன்னு கர்மா ஒண்ணும் விதிக்கலைப்பா. ஸ்நானம் பண்ணிட்டு வீட்டுக்குப் போ" என்றார். அன்போடுதான் சொன்னார். முங்கி எழுந்து ஈரத்தோடு வேனில் வந்து உட்கார்ந்தேன். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. மருமகள் சொல்ல வந்ததைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

அவள் இனி என்னோடு பேசுவாளா என்பதே எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் வீட்டிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அரைமணி கழித்து இன்னொரு தரம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தரமும் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "போடுங்க" என்றாள்.

எடுத்தாள்.

"ஷிகாமோ, பாபா."

"மரஹபா." வீட்டில் என்ன செய்தி என்று கேட்டேன். ந்ஸூரி என்றாள். உடம்புக்கு? ந்ஸூரி.

பேசாமல் இருந்தேன். எங்கோ ஒரு சேவல் கூவிற்று, யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். எனக்குப் பேச்சில் இடைவெளி ஆகாது, எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"லாகினி, பாபா..." என்று ஆரம்பித்தாள்.

வெகுநேரம் பேசினாள். எனக்குப் புரிந்தவை குழந்தை, மழை, அம்மா. மற்றவை தெரியவில்லை. இடையில் நான் நோட்டைத் தேடவில்லை. அவள் நிறுத்தியதும் "போலே" என்றேன். அவள் அழுதாள். "அசான்டே, பாபா" என்றாள். நன்றி என்று அர்த்தம்.

குவாஹேரி சொல்லத் தோன்றவில்லை. துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது அல்லவா? வேறு என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டு இருந்தபோது மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சாப்டியா கண்ணு?" என்றாள்.

அந்தப் பெண் "சாப்டேன்" என்றாள்.

மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டிருக்க மாட்டா. அவ பாஷையில கேளுங்க."

அதையும் நான் படித்திருந்தேன். "உமேகூலா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேரும் போனின் மேல் குனிந்தபடி காத்திருந்தோம்.

"பாடோ" என்றாள்.

என்ன சொன்னாள் என்று மனைவி கேட்டாள். இன்னும் இல்லையாம் என்றேன்.