புளி போட்டுத் தேய்த்த வடிதாள்

கல்யாண வீடுகளில் அண்டா தேய்த்தே மகளை ஆளாக்கியவள் செங்கமலம். திருவரங்குளம் பக்கம் அவள் தேய்த்த பித்தளையில் முகம் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பேருக்காகவே ஊர்த் தண்ணீர் வடிகட்டியை அவள் பொறுப்பில் விட்டார்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் கலந்திருந்த நஞ்சைப் பிடிக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளால் ஆன வெள்ளைத்தாள் அதற்குள் இருந்தது. "பழுப்பேறினா போன் போடுங்கக்கா, மாத்திடலாம்" என்று சொல்லிப் போனான், அதை மாட்டிய ஆராய்ச்சி மாணவன் கோபிநாத்.

ஆடி வெள்ளிக்கு முதல் நாள் தாள் பழுப்பேறியிருந்தது. நல்ல நாளில் அழுக்கோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டாள். அதன்பின் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. "ஆத்தா, ஒன் கையக் கண்டா மிசினுக்கே பயந்தான்!" என்று மாசமாயிருந்த மகள் சிவரஞ்சனி சிரித்தாள்.

ஆடி கழிந்து வந்த கோபிநாத் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"யாருக்கா தேய்ச்சது?"

"நாந்தான் தம்பி. பளிச்சுனு இருக்குல்ல?"

"அது அழுக்கில்லக்கா, பிடிச்சு வச்ச நஞ்சு. இப்ப எழையெல்லாம் கிழிஞ்சு கெடக்கு. வார தண்ணி அப்படியே நஞ்சோடதான் வருது."

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்த மகள், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.