வரைபடத்தில் இல்லாத ஓடை

அந்த அறிவிப்பு செய்தித்தாளின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்திருந்தது. எங்கள் கிராமத்தில் இன்னின்ன சர்வே எண்களில் உள்ள விவசாய நிலத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றித் தரும்படி விண்ணப்பம் வந்திருக்கிறது; ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த அந்தத் தாளில் முதலில் எண்கள்தான் கண்ணில் பட்டன. எங்கள் வீட்டுப் பட்டாவில் உள்ள சர்வே எண்ணுக்கு அடுத்த எண்கள். அதாவது எங்கள் மேற்குச் சுவரைத் தாண்டி இருக்கும் மாந்தோப்பு.

எங்கள் கிராமத்தில் அந்தப் பத்திரிகையை யாரும் வாங்குவதில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்றே அதில் போட்டார்களோ என்று நினைத்தேன். அன்றைக்கு ஆரம்பித்த சந்தேகம், பிறகு யார் மேலெல்லாமோ போய் விழுந்தது.

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீசில் மனைப்பிரிவு வரைபடத்தைக் கேட்டேன். கிளார்க் தம்பி தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். மூன்று பக்கமும் வீட்டு மனைகள், நடுவில் பூங்கா, குறுக்கே ஒரு முப்பதடி சாலை. அந்தச் சாலையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி, தோப்பைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போகும் ஓடை இருக்கிற இடம் அது. வரைபடத்தில் ஓடையே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அந்த ஓடை நிரம்பி, எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம்தான் முதலில் போனேன். பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் நிற்பார். செல்போனில் நான் படம் எடுத்து வந்திருந்த வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஓடைய ரோடா ஆக்கிட்டான்வ போலயே, டீச்சர்."

"அதான் அண்ணாச்சி. நம்ம எழுதிக் குடுப்போம்."

"குடுப்போம். அதுக்கு முன்னால அளந்து பாத்துருவோம்."

அன்று சாயங்காலமே கயிறு எடுத்துக்கொண்டு தோப்பு ஓரமாக இறங்கினோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. ஓடையின் அகலமும் அந்தச் சாலையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நான் ஆட்சேபணை மனு எழுதினேன். தெருவில் பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரரும் போட்டார். அவர் எலக்ட்ரிகல் வேலை எடுத்துச் செய்கிறவர்; நாலைந்து பேரை வைத்து வீடுகளுக்கு வயரிங் செய்கிறார். போடும்போது, "இதெல்லாம் ஆகுற காரியமா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும், அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். தினமும் சாயங்காலம் காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் நின்று நாலு வார்த்தை பேசுகிறவர், என்னைக் கண்டதும் உள்ளே போனார். ஒரு நாள் அவர் வாசலில் டிராக்டரில் கிராவல் வந்து இறங்கியது. இன்னொரு நாள் மனைப்பிரிவு போடும் கம்பெனி ஆளின் வெள்ளைக் கார் அவர் கேட் முன்னால் அரை மணி நேரம் நின்றது. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவியை, மதினியை, பால் வாங்கும் இடத்தில் கேட்டேன். "அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையா மதினி? ஆளையே காணோம்."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்காவ. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு சோலி, அதான் போயிட்டுப் போயிட்டு வாராவ." சொல்லிவிட்டு, நான் அடுத்த கேள்வி கேட்கும் முன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

எங்கள் கிராமம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. அங்கேதான் நிலம் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதங்களும். அவருக்கு அங்கே என்ன சோலி? அரை நாள் லீவு போட்டுவிட்டு, நாங்கள் கொடுத்த மனுவின் நிலை என்ன என்று விசாரிக்க நானும் ஒருநாள் போனேன். தாலுகா ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில் அண்ணாச்சி நின்றிருந்தார். கையில் டீ கிளாஸ். எதிரில் அந்தக் கம்பெனி ஆள், சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அண்ணாச்சியின் கக்கத்தில் சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மஞ்சப்பைக்குள் செருகினார். மனுவைப் பற்றி விசாரிக்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஆச்சரியப்படவே இல்லை.

"அவரு வெலை போயிட்டாருன்னு நெனைக்கேன். கிராவல் சும்மாவா வந்துச்சு? நீ ஒருத்தி மட்டும் எதுக்கு மல்லுக்கு நிக்க? விட்டுரு."

"அண்ணாச்சி அப்பிடிப்பட்ட ஆளா?"

"எல்லாரும் மனுசந்தானே."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அண்ணாச்சியைக் கெட்டவர் என்று நினைக்க அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கையெழுத்துப் போட்ட வீடுகளில் இரண்டு பேரிடம் நானே சொன்னேன், அவரை நம்ப வேண்டாம் என்று.

ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து நிலத்தைப் பார்வையிட அதிகாரி ஒரு புதன்கிழமை வந்தார். என்னைவிட வயதில் சிறிய பெண்; வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். கூட சர்வேயர், விஏஓ, கம்பெனி ஆள். நாங்கள் ஏழெட்டுப் பேர் கரையில் நின்றோம். அண்ணாச்சி எங்களோடு நிற்காமல் அந்தப்பக்கம், கம்பெனி ஆளுக்கு அருகில் நின்றார். 'பார்த்தாயா' என்று என் மனம் சொன்னது.

நான் மழைப் போட்டோக்களைக் காட்டினேன். கம்பெனி ஆள் குறுக்கே வந்தான்.

"மேடம், அது தெருத் தண்ணி. இங்க ஓடையெல்லாம் கெடையாது. பழைய வண்டிப் பாதை. வேணும்னா பெரியவரக் கேளுங்க, இங்கயே பொறந்து வளந்தவரு."

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் மஞ்சப்பையிலிருந்து அந்தக் காகிதச் சுருளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"இது பழைய கிராம வரைபடம், இது சர்வேயில அளந்து போட்ட புலப்பட நகல். ரெண்டுக்கும் ஆபீஸ் முத்திரை இருக்கு. ஓடை புறம்போக்குன்னு தனி நம்பரே போட்டுருக்கு, பாருங்கம்மா. இத வாங்கத்தான் நாலு நடை நடந்தேன்."

அதிகாரி இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சர்வேயரைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ கேட்டார், அவர் தலையாட்டினார். அதிகாரி குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்ததும் கம்பெனி ஆளின் முகம் மாறியது. அவன் என் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"என்ன டீச்சர், நீங்களே இப்பிடிப் பண்ணலாமா? இங்க கட்டப்போற மொத்த வீட்டுக்கும் வயரிங் வேலைய ஒங்க வீட்டுக்காரருக்குத்தான பேசி முடிச்சிருக்கோம். அவரு சொல்லலையா?"

கரையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் என்னைப் பார்க்காமல் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி போனதும் அண்ணாச்சியை மறித்துக் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?"

"எப்பிடிச் சொல்லுவேன்? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல அவன் காருல இருந்து ஒங்க வீட்டுக்காரர் எறங்குறத என் கண்ணால பாத்தேன். நீங்களும் சேந்துதான் செய்யுதியளோன்னு இருந்துச்சு. ஒங்ககிட்ட சொன்னா அது அங்க போயிரும்லா?"

"அவன்கூட டீ குடிச்சியளே?"

"வாங்கிக் குடுத்தான், குடிச்சேன். ஒரு டீக்கு ஓடைய விட்டுக்குடுத்துருவனா?" சிரிக்கவில்லை அவர். "என் வீட்டுக்கும்தான் வந்தான். பேசிப் பாத்தான். பாப்போம்னு மட்டும் சொன்னேன்; நான் அவன் பக்கம்னு நெனச்சுக்கிட்டான். கிராவல் நான் அடிச்சது. இவன்வ ஓடைய மூடிட்டா தண்ணி வீட்டுக்குள்ள வருமேன்னு வாசல ஒசத்துதேன்."

அவரைப் பற்றி இரண்டு வீடுகளில் நான் சொன்னதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லி வந்தேன்.

என் வீட்டுக்காரர் அன்று சீக்கிரமே வந்திருந்தார். செய்தி அதற்குள் போயிருந்தது.

"வேலைதானே? நான் என்ன திருடவா போனேன்? எவனோ ஒருத்தன் செய்யத்தான் போறான்," என்றார்.

"அப்போ எதுக்கு மனுவுல கையெழுத்துப் போட்டிய? அண்ணாச்சி வெலை போயிட்டாருன்னு எதுக்குச் சொன்னிய?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "வேண்டாம்னு சொல்லிருதேன்," என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துத் திருத்திய வரைபடம் பஞ்சாயத்துக்கு வந்தது. ஓடை நீலக் கோடாக வந்திருந்தது. இரு கரையிலும் காலி இடம் விட்டு, சாலையை வடக்கே தள்ளியிருந்தார்கள். சில மனைகள் குறைந்திருந்தன. மற்றபடி நிலமாற்றத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. தை மாதத்தில் மாமரங்களை வெட்டினார்கள். போன மழைக்கு ஓடையில் தண்ணீர் போனது, தெருவுக்குள் வரவில்லை.

அண்ணாச்சி மறுபடியும் காம்பவுண்டு ஓரம் வந்து நிற்கிறார். மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுகிறோம். என் வீட்டுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால், "சரி டீச்சர், வாரேன்," என்று போய்விடுகிறார்.

அந்த வேலையைத் தான் எடுக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். மதுரையிலிருந்து வேறு ஆட்கள் வந்து செய்கிறார்களாம். இருக்கலாம். ஆனால் பள்ளிக்குப் போகும்போது, பாதி கட்டிய அந்த வீடுகளுக்கு முன்னால் என் நடை தானாகவே மெதுவாகிறது. சுவரில் காடி வெட்டி வயரிங் குழாய் பதிக்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், அவரிடம் வேலை செய்யும் பையன்கள் யாராவது இருக்கிறார்களா என்று.